பாதிப் பட்டாணி

ஞாயிறு காலை
அப்பெல்சின் தலைகீழாக மிதந்தது.
காலை என்று கடிகாரம்தான் சொன்னது;
டிசம்பரில் வார்டோவுக்குக் காலை கிடையாது.

வயிறு மேலே,
வால் மட்டும் துடுப்புப் போட்டபடி
தொட்டி மூடியில் முட்டி முட்டி நின்றது.
செத்துவிட்டதென்று வலையை எடுத்தேன்.
ஒரு கண் திரும்பி என்னைப் பார்த்தது.
வலையை வைத்துவிட்டேன்.

நான் மீன் ஆலைக்காரன். பத்தொன்பது வருஷம்.
ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை காட் மீனின் தலை
உங்கள் கத்திக்கு வரும் என்று
சுன்னிவா ஒருமுறை கேட்டாள்.
சொல்லியிருக்கக் கூடாது.
மறுவாரமே தங்கமீன் வேண்டுமென்று அடம்.
"இது ஒண்ணையாவது விட்டுவை, அப்பா."

கால்நடை மருத்துவர் கிர்கெனெஸில்.
கலைமானும் நாயும் பார்க்கிறவர்.
எடை என்ன என்றார் போனில்.
சமையல் தராசில் வைக்கவா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
காற்றுப்பைக் கோளாறாக இருக்கலாம்,
வெறும் மலச்சிக்கலாகவும் இருக்கலாம்,
ரொம்ப அவதிப்பட்டால்
கிராம்பு எண்ணெய், தூங்குவதுபோலப் போய்விடும்.

பல்வலிக்கு வாங்கியது வீட்டில் இருந்தது.
திறந்து முகர்ந்தேன்,
கிறிஸ்துமஸ் பிஸ்கட் வாசனை.
கிறிஸ்துமஸுக்குத்தான் வருகிறாள்.
மூடினேன்.
ஒரு விநாடியில் முடிக்கத் தெரிந்த கை இது,
அதற்குச் சம்பளம் வாங்குகிற கை.

திங்கட்கிழமை பெல்ட்டுக்கு அந்தப் பக்கமிருந்து
டாங்குவோலே, லிதுவேனியாக்காரி,
இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.
காதடைப்பானைத் தாண்டி வந்து சேர்ந்தது
"பட்டாணி" மட்டும்.
மிச்சத்தை இடைவேளையில் செய்து காட்டினாள்:
மூன்று விரல் என்றால் மூன்று நாள் பட்டினி,
பிறகு ரொட்டித் துணுக்கை உருட்டி,
இல்லாத தோலை உரித்து,
நகத்தால் இரண்டாகக் கிள்ளி.

விருந்துக்கும் மருந்துக்கும் மூன்று நாள் கணக்கு.
இங்கே மருந்தென்பது எதையும் தராதிருப்பது.
மூன்று நாளும் அது என்னைப் பார்த்தது,
கடன் கொடுத்தவன்போல, தலைகீழாக.

உப்பும் போட்டேன், அயோடின் இல்லாதது,
ஒரு ஸ்பூன், வாளித் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக.
ஆலையில் உப்பு மலையாகக் கிடக்கும்;
பிளந்த மீனை அதில்தான் புதைக்கிறோம்.
அதை நான் அதனிடம் சொல்லவில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
உள்ளளவு எத்தனை நாள் என்பதுதான்
எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

வியாழன். உறைந்த பட்டாணி, வெந்நீர்.
என் விரல்கள் தடித்தவை;
மூன்று கூழாயின, நாலாவது பிழைத்தது.
சட்டைக் கையைச் சுருட்டி
தண்ணீருக்குள் கையை விட்டு
உயிருள்ள மீனைப் பிடித்தேன்,
இறுக்காமல், நழுவவும் விடாமல்.
துடித்தது செவுளா
என் கட்டைவிரல் நாடியா தெரியவில்லை.
வாய் திறந்தது.
துப்பியது.
யோசித்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டது.

ட்ரோம்சோவில் அம்மா வீட்டிலிருந்து போன்.
"அப்பெல்சின் எப்படி இருக்கு?"
"சாப்பிட்டுது."
"அது எப்பவும் சாப்பிடுமே."
"ஆமாம்."

ராத்திரி மூன்று மணி.
உள்ளாடையோடு, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்:
பின்னால் பச்சை நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது,
நீளமாக, அறுந்துவிடாமல்.
மலத்தைப் பார்த்து ஓர் ஆள் இப்படி இளித்ததை
ஜன்னல் கண்ணாடியில் நானே கண்டேன்.
மீன் நேராகிவிடவில்லை.
ஒருபக்கம் சரக்கேற்றிய படகுபோலச் சாய்ந்திருந்தது.
தலைகீழ் இல்லை, அவ்வளவுதான்.

ஐந்தரைக்கு ஷிஃப்ட்.
டாங்குவோலே புருவத்தை உயர்த்தினாள்.
கத்தியைக் கீழே வைத்து
உள்ளங்கையைக் கொஞ்சம் சரித்துக் காட்டினேன்:
இவ்வளவு.
இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன்:
இல்லை, இவ்வளவு.
பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
இரண்டு மீன்
தலையோடு என்னைத் தாண்டிப் போயின.